நெட்வொர்க் டிரைவில் ப்ரோக்ராம் ஓட்டினால் ‘ஆக்சஸ் டினைட்’: எல்லோரையும் அட்மின் ஆக்கித்தான் தீர வேண்டுமா?

கேள்வி, 10 பிப்ரவரி 2025, மாலை

எங்கள் மில்லில் எடைமேடை ப்ரோக்ராம் சர்வரில் இருக்கிறது. எல்லாக் கணினியிலும் அந்த ஷேரை (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரை) இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறோம். பழைய ஆட்களுக்கு ஓடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர் லாகினில் மட்டும் ‘ஆக்சஸ் டினைட்’ (அனுமதி மறுப்பு). ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து என் பாஸ்வேர்டைப் போட்டால் இசட் என்று ஒரு டிரைவே இல்லை என்கிறது. ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தவர் எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன், ஒன்றும் நகரவில்லை. நெட்வொர்க் டிரைவிலிருந்து ப்ரோக்ராம் ஓட்ட வேண்டுமென்றால் எல்லோரையும் லோக்கல் அட்மின் ஆக்காமல் தீராது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில், 10 பிப்ரவரி, இரவு

மறுக்கிறேன். லோக்கல் அட்மின் என்பது அவர் மேசையில் இருக்கும் கணினிக்கு மட்டும்தான் அட்மின். கோப்பு இருப்பது சர்வரில். அங்கே அவர் யார் என்பதை அந்தப் பதவி கொஞ்சமும் மாற்றாது.

நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. ‘ஆக்சஸ் டினைட்’ ஒன்று, ‘டிரைவ் இல்லை’ இன்னொன்று. இரண்டாவது பெர்மிஷன் பிரச்சினையே இல்லை. இரண்டையும் ஒரே மருந்தால் குணப்படுத்தப் பார்ப்பதால்தான் இந்த வேலையில் ராத்திரி போகிறது.

முதலில் எந்த டிக்கையும் மாற்றாமல், சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து ஷேர்டு ஃபோல்டர்ஸ், செஷன்ஸ் பாருங்கள். அந்தப் புதியவரின் கணினியிலிருந்து எந்தப் பெயர் வந்து நிற்கிறது? அவர் பெயரா, உங்கள் பெயரா, பழைய ஆளின் பெயரா? இதைப் பார்க்காமல் அனுமதி கொடுப்பது யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதுதான்.

11 பிப்ரவரி, காலை

‘டிரைவ் இல்லை’ கதை.

விஸ்டா காலத்தில் யூஏசி (அட்மின் வேலைக்கு முன்னால் அனுமதி கேட்கும் பாதுகாப்பு) வந்ததிலிருந்து, அட்மின் ஒருவர் லாகின் செய்தால் விண்டோஸ் அவருக்கு இரண்டு டோக்கன் (ஆள் யார், என்ன உரிமை என்று சொல்லும் அடையாளச் சீட்டு) தருகிறது. ஒன்று சாதாரண ஆளுக்குரியது, இன்னொன்று முழு அதிகாரம் உள்ளது. தினசரி வேலையெல்லாம் முதல் டோக்கனில் நடக்கும். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்றால் இரண்டாவது. ஒவ்வொரு டோக்கனும் தனி லாகான் செஷனைச் சேர்ந்தது. மேப் செய்த டிரைவ் எழுத்து அந்தச் செஷனோடு ஒட்டியது, கணினியோடு அல்ல. அதனால்தான் எக்ஸ்ப்ளோரரில் இசட் தெரியும், அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டின் கறுப்புத் திரையில் தெரியாது.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி கூட. அங்கே லாகின் செய்திருப்பவர் சாதாரண யூசர், நீங்கள் போட்டது உங்கள் பாஸ்வேர்டு. அந்தக் கணத்திலிருந்து ப்ரோக்ராம் ஓடுவது முற்றிலும் வேறு ஆளாக. அவர் மேப் செய்த எதுவும் உங்களுக்கு வராது.

இசட் என்று எழுதாமல் இரண்டு பின்சாய்கோடு போட்டு சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று முழுப் பாதையாகக் கொடுத்தால் இது மறைந்துவிடும். அந்த எடைமேடை ப்ரோக்ராமைத் தினமும் அட்மினாக ஓட்ட வேண்டிய காரணமும் எனக்குத் தெரியவில்லை.

11 பிப்ரவரி, மதியம்

எதிர்பார்த்தேன், ஒருவர் எனேபிள்லிங்க்டுகனெக்‌ஷன்ஸ் பற்றிக் கேட்டுவிட்டார். ஆமாம், ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் கிளையில் பாலிசீஸ், சிஸ்டம் என்ற இடத்தில் அந்தப் பெயரில் ஒரு டிவேர்டு (எண் மதிப்பு) போட்டு 1 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்தால் இரண்டு செஷனும் ஒரே மேப்பிங்கைப் பகிர்ந்துகொள்ளும். வேலை செய்யும். ஆனால் ஒரே ஆளின் இரண்டு டோக்கனுக்கு இடையில்தான். கேள்வி கேட்டவரைப் போல வேறு ஆளின் பாஸ்வேர்டைப் போட்டு ஓட்டினால் இதனால் காசுக்குப் பயனில்லை.

11 பிப்ரவரி, இரவு

இப்போது ‘ஆக்சஸ் டினைட்’.

எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் எங்கே கொடுத்தீர்கள்? ஷேரிங் டேபிலா, செக்யூரிட்டி டேபிலா? இரண்டும் இரண்டு காவல். அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன் விட்டுவிட்டார் என்பதால் மூன்றாம் மாடிக் கதவு திறந்துகொள்ளாது. ஷேர் பெர்மிஷன் நெட்வொர்க் வழியாக வருபவரை மட்டும் பார்க்கும். என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் (செக்யூரிட்டி டேபில் இருப்பது) எப்படி வந்தாலும் பார்க்கும். நெட்வொர்க்கில் வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். அதனால்தான் சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து ‘எனக்கு ஓடுகிறதே’ என்பவர் சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அவர் கேட் வழியாக வரவே இல்லை.

புதிதாக ஷேர் செய்தால் எவ்ரிஒன்னுக்கு ரீட் மட்டும்தான் தானாக வரும். எக்ஸி (ப்ரோக்ராம் கோப்பு) ஓட ஷேரில் அது போதும், எழுதப் போதாது. பெரும்பாலான இடங்களில் ஷேரில் தாராளமாக விட்டுவிட்டு என்டிஎஃப்எஸ்ஸில் கறாராக இருப்பார்கள். நானும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் நுணுக்கம் பார்த்தால் ஆறு மாதம் கழித்து நமக்கே புரியாது. ஷேரில் சேஞ்ச் போதும், ஃபுல் கன்ட்ரோல் வேண்டாம். அதில் பெர்மிஷனையே மாற்றும் உரிமையும் ஓனர்ஷிப்பை எடுத்துக்கொள்ளும் உரிமையும் சேர்ந்து வருகின்றன. எடை போடுகிறவருக்கு அது எதற்கு?

12 பிப்ரவரி, காலை

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் விவரம் அனுப்பியிருந்தார், அனுமதியோடு இங்கே போடுகிறேன். ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தது ஷேரில். என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு குரூப்புக்கு மாடிஃபை இருக்கிறது. புதியவரை அந்தக் குரூப்பில் போன வாரம் சேர்த்தாயிற்று. செஷன்ஸில் அவர் பெயர்தான் வருகிறது. இன்னும் டினைட்.

அவர் லாக் ஆஃப் செய்தாரா?

12 பிப்ரவரி, சிறிது நேரம் கழித்து

செய்யவில்லையாம். சேர்ந்த நாளிலிருந்து சாயங்காலம் திரையைப் பூட்டிவிட்டுப் போகிறார், காலையில் திறக்கிறார்.

யார் யார் எந்தக் குரூப் என்பது டோக்கனில் எழுதப்படுவது லாகின் நேரத்தில். அதற்கப்புறம் டொமைனில் (ஆபீஸ் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் அமைப்பில்) எத்தனை குரூப்பில் சேர்த்தாலும் கையில் இருக்கும் டோக்கனுக்குத் தெரியாது. திரையைப் பூட்டித் திறப்பது புது லாகின் அல்ல. ஜிபிஅப்டேட் (குரூப் பாலிசியைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டுவதும் இதற்கு மருந்தல்ல, எத்தனையோ பேர் அதை ஓட்டிவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ஹூஆம்ஐ’ என்று அடித்து ஸ்லாஷ் குரூப்ஸ் போட்டால் இப்போதைய டோக்கனில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் வரும். அந்தக் குரூப் அங்கே இல்லை என்றால் சர்வரில் எதையும் தொடாதீர்கள்.

12 பிப்ரவரி, இரவு

லாக் ஆஃப் செய்து வந்ததும் ப்ரோக்ராம் திறந்துவிட்டது. சந்தோஷம் கால் மணி நேரம். எடை போட்டு சேமிக்கப் போனால் ‘கட்டண விவரக் கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று பெட்டி வருகிறதாம். இந்தத் தடவை பழைய ஆட்களுக்கும். அவர்களுக்கு இன்று மத்தியானத்திலிருந்துதானாம்.

இன்று மத்தியானம் யார் எதைத் தொட்டார்கள்?

13 பிப்ரவரி

ப்ரோக்ராம் கொடுத்தவர் ரிமோட்டில் வந்து புது வெர்ஷன் போட்டாராம். சொல்லாமல்.

இந்த இடத்தில் ஊகிப்பதை நிறுத்திவிட்டு ப்ராசஸ் மானிட்டரை எடுங்கள். சிஸ்இன்டர்னல்ஸ் கருவி, இலவசம். 2006-இல் ஃபைல்மான், ரெக்மான் இரண்டையும் சேர்த்து வந்தது. யூசரின் கணினியிலேயே அட்மினாக ஓட்டி, ஃபில்டரில் ரிசல்ட் என்பது ‘ஆக்சஸ் டினைட்’ என்று வையுங்கள். யூசர் என்ற நெடுவரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு யூசரை வழக்கம் போல ப்ரோக்ராமைத் திறக்கச் சொல்லுங்கள். எந்தக் கோப்பு, யார் பெயரில், எந்த உரிமை கேட்டு மறுக்கப்பட்டது என்று மூன்றும் ஒரே வரியில் வந்து விழும்.

அதில் டிசையர்டு ஆக்சஸ் என்ற பகுதியைத் தவறாமல் பாருங்கள். நிறையப் பழைய ப்ரோக்ராம்கள் படிக்க மட்டுமே வேண்டிய கோப்பையும் எழுதும் உரிமை கேட்டுத்தான் திறக்கும். எழுதியவருக்கு அப்போது அது தோன்றவில்லை. அவர் மேசையில் எல்லாமே அவருடையது. ‘வெறும் படிக்கிற கோப்புதானே, ரீட் கொடுத்திருக்கிறேனே’ என்று நாம் தலையைச் சொறிந்துகொண்டிருப்போம்.

வரும் டினைட் எல்லாமே குற்றவாளி அல்ல. சில ப்ரோக்ராம்கள் முதலில் பெரிய உரிமை கேட்டு, மறுத்தால் சிறியதைக் கேட்டு, சமாதானமாகப் போய்விடும். பிழைப் பெட்டி வருவதற்குச் சற்று முன்னால் வந்த வரிதான் முக்கியம்.

13 பிப்ரவரி, மாலை

கண்டுபிடித்தாயிற்று. கட்டணக் கோப்பு ஒன்றே ஒன்று, அதன் செக்யூரிட்டி டேபில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் தவிர யாரும் இல்லை. அதே ஃபோல்டரில் மற்றக் கோப்புகளுக்கு எல்லாம் சரி.

கட்-பேஸ்ட். ஒரே வால்யூமுக்குள் (டிஸ்க் பகுதிக்குள்) ஒரு கோப்பை நகர்த்தினால் அது பழைய இடத்தின் பெர்மிஷனைக் கையோடு எடுத்துக்கொண்டு வரும். காப்பி செய்தால் புது இடத்தின் பெர்மிஷனை வாங்கிக்கொள்ளும். ப்ரோக்ராம் கொடுத்தவர் சர்வரிலேயே தன் சப்போர்ட் ஃபோல்டரில் அன்ஜிப் செய்து, எக்ஸியைக் காப்பி செய்து, கட்டணக் கோப்பை மட்டும் கட் செய்து போட்டிருக்கிறார். காரணம் அவருக்கே தெரியாது, கேட்க வேண்டாம்.

தீர்வு: சர்வரில் ‘ஐகேக்ல்ஸ்’ கட்டளையில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்து ஸ்லாஷ் ரீசெட். மேலே இருக்கும் ஃபோல்டரின் பெர்மிஷனை அது மறுபடி வாங்கிக்கொள்ளும். ஸ்லாஷ் டி சேர்த்தால் ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் நடக்கும். கை அரிக்கும், பொறுங்கள். ஏதாவது ஒரு கோப்புக்குத் தனியாகக் கொடுத்து வைத்த அனுமதியும் அதோடு அழிந்துபோகும்.

14 பிப்ரவரி

‘எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் கொடுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்.’ இந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் கை தூக்குங்கள். அந்த ‘அப்புறம்’ வந்த ஒரு ஆபீஸையும் நான் பார்த்ததில்லை.

15 பிப்ரவரி

ஜோக் அடித்ததற்கு ஒருவருக்குக் கோபம். ‘உள் நெட்வொர்க்தானே, எல்லாம் நம்ம ஆளுங்கதானே, என்ன கெட்டுவிடும்?’ என்கிறார்.

நம் ஆட்களைப் பற்றிச் சந்தேகமே இல்லை. எக்ஸி இருக்கும் ஃபோல்டரில் எல்லோருக்கும் எழுதும் உரிமை இருந்தால், ஒரு கணினியில் ஏறிய வைரஸ் சர்வரில் இருக்கும் அந்த எக்ஸியை மாற்றி வைத்துவிட்டுப் போதும் என்று உட்கார்ந்துகொள்ளலாம். மறுநாள் காலை எல்லோரும் தாங்களே அதை டபுள் கிளிக் செய்வார்கள். ஒருவர் கணினியில் அட்மினாக ஓட்டும் பழக்கமும் இருந்தால் இன்னும் வசதி. நான் பார்த்துக்கொண்ட ஒரு கணக்கு அலுவலகத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வகை வந்தபோது, எழுதும் உரிமை எங்கெங்கே இருந்ததோ அத்தனையும் போனது, ரீட் மட்டும் இருந்த ஃபோல்டர்கள் அப்படியே இருந்தன. அதற்கப்புறம் அங்கே யாரும் என்னிடம் ஃபுல் கன்ட்ரோல் கேட்கவில்லை.

ப்ரோக்ராமை ஒரு ஃபோல்டரிலும் டேட்டாவை வேறு ஃபோல்டரிலும் வையுங்கள். முதலாவதில் ரீட் அண்ட் எக்ஸிக்யூட், இரண்டாவதில் மாடிஃபை. என்டிஎஃப்எஸ்ஸில் வெறும் ரீட் என்றும் ரீட் அண்ட் எக்ஸிக்யூட் என்றும் இரண்டு டிக் இருப்பது அழகுக்கு அல்ல. முதலாவது மட்டும் இருந்தால் எக்ஸியைக் காப்பி எடுக்கலாம், அங்கிருந்தே ஓட்ட முடியாது.

ஐஎன்ஐ (செட்டிங்ஸ்) கோப்பை எக்ஸிக்குப் பக்கத்திலேயே எழுதும் விபி6 (விஷுவல் பேசிக் 6) கால ப்ரோக்ராம் என்றால்? அந்த ஒரு கோப்புக்கு மட்டும் மாடிஃபை. ப்ரோக்ராம் ஃபைல்ஸில் எழுதப்போனால் விண்டோஸ் ரகசியமாக வர்ச்சுவல்ஸ்டோருக்குத் திருப்பிவிடும் வித்தை உங்கள் கணினியில் இருக்கும் ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குத்தான், ஷேருக்கு இல்லை. லோக்கலில் ஓடியது சர்வருக்குப் போனதும் அடம்பிடிக்கிறது என்றால் பல நேரம் இதுதான்.

15 பிப்ரவரி, இரவு

மேலே ‘அந்த ஒரு கோப்புக்கு மட்டும்’ என்றேன், எம்எஸ் ஆக்சஸ் டேட்டாபேஸுக்கு அது பொருந்தாது. அது திறக்கும்போது பக்கத்தில் ஒரு லாக் கோப்பை உருவாக்கும், கடைசி ஆள் மூடும்போது அழிக்கும். எனவே ஃபோல்டரிலேயே உருவாக்கவும் அழிக்கவும் உரிமை வேண்டும். ‘முதலில் வருபவர் திறந்தால் மற்றவர்களுக்குத் திறப்பதில்லை’ என்ற புகார் வந்தால் ஃபோல்டர் பெர்மிஷனைப் பாருங்கள். வேர்டு, எக்செலும் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றித்தான் சேமிக்கின்றன. அழிக்கும் உரிமையைப் பிடுங்கி வைத்துவிட்டு ‘யாரும் டிலீட் செய்ய முடியாதபடி வைத்திருக்கிறேன்’ என்று பெருமைப்படும் அட்மின்களுக்கு இது சமர்ப்பணம்.

17 பிப்ரவரி

ராத்திரி பேக்கப் டாஸ்க் பற்றிக் கேள்வி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் பாதை இல்லை என்கிறது.

மறுபடி அதே கேள்விதான், யார் பெயரில் ஓடுகிறது? ‘யூசர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு’ என்று வைத்தால் அது தனிச் செஷன், இசட் அங்கே இருக்காது. முழுப் பாதை எழுதுங்கள். அதற்குக் கீழே ‘பாஸ்வேர்டைச் சேமிக்காதே’ என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் லோக்கல் கோப்புகளை மட்டும்தான் தொட முடியும், நெட்வொர்க் கிடையாது. பாதையைத் திருத்திவிட்டு இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம்.

சர்வீஸாக லோக்கல் சிஸ்டம் பெயரில் ஓடினால் சர்வரிடம் போவது கணினியின் சொந்தக் கணக்கு, பெயருக்குப் பின்னால் டாலர் குறி போட்டது. டொமைனில் அந்தக் கணக்குக்கே ஷேரிலும் என்டிஎஃப்எஸ்ஸிலும் அனுமதி கொடுக்கலாம். டொமைன் இல்லாத வொர்க்குரூப் என்றால் அந்தக் கணக்கைச் சர்வர் அறியாது. தனியாக ஒரு யூசர் வைத்து அந்தப் பெயரில் ஓட்டுங்கள்.

18 பிப்ரவரி

‘எல்லாப் பெர்மிஷனும் இருக்கிறது, நான் டொமைன் அட்மின், எனக்கே டினைட்’ என்ற செய்திக்கு: ப்ராசஸ் மானிட்டரில் ரிசல்ட் ‘டிலீட் பெண்டிங்’ என்று இருக்கிறதா? கோப்பை ஒருவர் அழித்துவிட்டார், ஆனால் இன்னொருவர் அதைத் திறந்து வைத்திருக்கிறார். பட்டியலில் பெயர் தெரியும், புதிதாக யாராலும் திறக்க முடியாது. ப்ரோக்ராமுக்கு விண்டோஸ் சொல்லும் பிழை எண் 5, அதாவது அதே ஆக்சஸ் டினைட். பெர்மிஷனில் தேடினால் ஆயுள் முழுக்கத் தேடலாம். சர்வரில் ஓபன் ஃபைல்ஸ் பார்த்து அந்தக் கைப்பிடியை மூடுங்கள். ‘ரீட் ஒன்லி’ டிக் போட்ட கோப்பில் எழுதப்போனாலும் இதே 5-தான். எண் 32 வந்தால் வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அது நேர்மையான பிழை.

கோப்பே இல்லை என்கிறது, ஆனால் பக்கத்து ஆளுக்குத் தெரிகிறது என்றால் ஷேரில் ஆக்சஸ்-பேஸ்டு எனுமரேஷன் போட்டிருக்கலாம். படிக்க உரிமை இல்லாததைக் கண்ணிலேயே காட்டாது.

20 பிப்ரவரி

பெயருக்குப் பதில் ஐபி எண் போட்டு ஷார்ட்கட் வைத்திருப்பவர்களுக்கு. புள்ளி வைத்த முகவரியைப் பார்த்தால் விண்டோஸ் அதை இன்டர்நெட் ஜோன் என்று எடுத்துக்கொள்ளும், ‘இந்தக் கோப்பை ஓட்டலாமா’ என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். வெறும் சர்வர் பெயர் என்றால் கேட்காது. ஐபி வழியாகப் போனால் வழக்கமான அமைப்பில் கெர்பராஸும் (டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் முறை) கிடையாது, பழைய முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். ஒரே சர்வருக்கு இரண்டு யூசர் பெயரில் போக முடியாது என்ற 1219 பிழையைத் தாண்டுவதற்கு ஐபி போடும் தந்திரம் எனக்கும் தெரியும். தற்காலிகத்துக்குச் சரி.

நெட்வொர்க்கில் இருக்கும் சிஹெச்எம் உதவிக் கோப்பு திறந்து வெள்ளையாக நிற்பதும் இந்த ஜோன் குடும்பம்தான், 2005 பாதுகாப்பு அப்டேட்டிலிருந்து அப்படி. அதே காலத்தில் டாட்நெட் ப்ரோக்ராம் ஷேரிலிருந்து ஓடினால் பாதி நம்பிக்கையோடு ஓடி செக்யூரிட்டி எக்ஸப்ஷன் கொட்டும். அந்த நம்பிக்கை அளவை மாற்ற கேஸ்பால் என்று ஒரு கருவியோடு கணினி கணினியாக நடந்த காலம். டாட்நெட் 3.5 எஸ்பி1 வந்ததும் அந்த எக்ஸிக்களுக்கு முழு நம்பிக்கை கொடுத்துவிட்டார்கள். கேஸ்பால் தெரிந்தவர் என்று சம்பளம் கேட்ட ஒரு நண்பர் இருந்தார்.

23 பிப்ரவரி

என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) வைத்திருப்பவர்கள் இரண்டு விதமாக மாட்டுகிறார்கள்.

சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு ஷேர் தரும் மென்பொருள்) 3-இலிருந்து 4-க்குப் போனவர்களுக்கு: பழையதில் எக்ஸியைப் படிக்க முடிந்தால் ஓட்டவும் முடிந்தது. 4 வந்ததிலிருந்து லினக்ஸ் பக்கத்தில் எக்ஸிக்யூட் பிட் இருக்கிறதா என்று பார்க்கும். டாகுமென்ட் எல்லாம் திறக்கிறது, எக்ஸி மட்டும் டினைட் என்றால் இதுதான். பிட்டைப் போடுங்கள். ‘ஏசிஎல் அலவ் எக்ஸிக்யூட் ஆல்வேஸ்’ என்ற அமைப்பை எஸ் ஆக்கினால் பழைய பழக்கம் திரும்பும், எனக்கு அது இரண்டாம் பட்சம்.

விண்டோஸ் 11 24ஹெச்2 ப்ரோ போட்டதும் என்ஏஎஸ் திறக்கவில்லை என்பவர்களுக்கு: எஸ்எம்பி சைனிங் (ஷேருக்குப் போய்வரும் செய்திகளில் கையொப்பம்) இப்போது கட்டாயம், கெஸ்ட்டாக நுழைவதும் மூடப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் எல்லோரும் வந்துபோன ஷேருக்கு சைன் செய்ய வழியே இல்லை. பாலிசியில் இறக்கி வைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பெட்டியில் ஆளுக்கொரு யூசர் உருவாக்குவது அதைவிடக் குறைந்த வேலை.

26 பிப்ரவரி

நெட்வொர்க் டிரைவிலிருந்து எக்ஸி ஓட்டுவதே தப்பு என்ற வாதத்தை ஒருவர் மறுபடி எடுத்திருக்கிறார். பெர்மிஷனுக்காக அல்ல என்றால் எனக்குப் பாதிச் சம்மதம். விண்டோஸ் எக்ஸி முழுவதையும் முதலிலேயே நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடுவதில்லை, தேவைப்படும்போது பக்கம் பக்கமாக எடுக்கும். அந்த நேரத்தில் வைஃபை ஒரு கணம் விட்டால் 0xசி0000006 என்ற எண்ணோடு ப்ரோக்ராம் செத்துப்போகும். லேப்டாப்பில் நடந்துகொண்டே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் அதிகம் வரும். அதைப் பெர்மிஷன் புகார் என்று அனுப்பிவிடுவார்கள்.

கேபிள் போட்ட மேசைக் கணினிகளில் ஷேரிலிருந்தே ஓட்டுகிறேன், ஒரே இடத்தில் மாற்றினால் எல்லோருக்கும் மாறும் என்ற வசதியை விட மனமில்லை. லேப்டாப்களில் லாகின் ஸ்கிரிப்டில் ரோபோகாப்பி (கோப்பு காப்பி செய்யும் கட்டளை) வைத்து எக்ஸியை லோக்கலுக்கு இறக்கி, டேட்டாவை மட்டும் சர்வரில் விட்டிருக்கிறேன். ஸ்கிரிப்ட் யூசர் பெயரில்தான் ஓடும், ஆகவே ப்ரோக்ராம் ஃபைல்ஸில் இறக்க முடியாது, யூசரின் லோக்கல் ஆப்டேட்டாவில் இறக்குங்கள். ஆப்லாக்கர் (எந்த எக்ஸி ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) போட்டிருக்கும் ஆபீஸ் என்றால் அங்கிருந்து எக்ஸி ஓடத் தனி விதி எழுத வேண்டியிருக்கும்.